பஞ்சாமிர்தம் வேண்டாம் என்றவன்: வண்டி ஓட்டுகிறவர் தன் நோயை மறைக்கலாமா?

ஓம் சரவணபவ.



போன கிருத்திகை அன்று பூஜை முடிந்து எல்லோருக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். நான் ஒரு துளியை மட்டும் நாக்கில் வைத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் நின்ற சின்னப் பையன் கையில் கொடுத்துவிட்டேன். முருகன் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ஆனால் உடம்பு ஒத்துக்கொள்ள வேண்டுமே.

இதை எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். செருப்பு போடும் இடத்தில் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டான்.

"மாமா, உங்களுக்கும் சுகரா?"

அந்த "உங்களுக்கும்" என்பதில் இருக்கிற "உம்"மைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு வயசு 34. இரண்டு பிள்ளைகள். பெங்களூரில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஓசூரில் ஒரு கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, திங்கட்கிழமை போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னான். மாசச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டாம். அவர்கள் கொடுத்த படிவத்தில் "நோய் ஏதேனும் உள்ளதா?" என்று ஒரு கட்டம்.

"எல்லோரும் 'இல்லை'ன்னு போட்டுட்டுப் போடாங்கறாங்க. நான் என்ன மாமா எழுதறது?"

எனக்குப் பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன் மாப்ள" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதே மாதிரி ஒரு கட்டத்தில், பல வருஷத்துக்கு முன்னால், "இல்லை" என்று எழுதினவன் நான். அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காமல் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. முதலில் ஒரு மாத்திரை, அப்புறம் இரண்டு. ஓனரிடம் சொல்லவில்லை. புது ஓனரிடம் மாறியபோது அவர் கேட்டார், "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று. "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். எழுதிக் கேட்ட இடத்திலும் அதையே எழுதினேன். கை நடுங்கவில்லை. பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. பொழைப்பு என்று தோன்றியது.

ஒரு நாள் ஓசூரில் லோடு ஏற்ற நேரமாகிவிட்டது. சாயந்திர மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டேன். "சாப்பாடு வழியில் பார்த்துக்கலாம்" என்று வண்டியை எடுத்தேன். தருமபுரி தாண்டியதும் உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. எதிரே வரும் விளக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. கிளீனர் பையன் ஏதோ கேட்கிறான், காதில் விழுகிறது, வாயில் பதில் வரவில்லை. முன்னால் தொப்பூர் கணவாய் இறக்கம்.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே பல வண்டிகள் ஒன்றோடு ஒன்று மோதி, இரண்டு தடவையும் நான்கு பேர் உயிர் போனது. அந்த விபத்துகளைச் சர்க்கரையோடு முடிச்சுப் போட வரவில்லை. அந்த இடத்தில் ஒரு கனரக வண்டி கட்டுப்பாட்டை இழந்தால் முன்னால் போகிறவன் கதி என்ன என்பதற்காகச் சொல்கிறேன்.

இறக்கம் தொடங்கும் முன்னே எப்படியோ ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டேன். சாமி படத்துக்குக் கீழே, போன வாரம் பழனியில் வாங்கிய பஞ்சாமிர்த டப்பா இருந்தது. கிளீனர் பையன்தான் மூடியைத் திறந்து கொடுத்தான். கையாலேயே வழித்துத் தின்றேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. டாக்டர் தொடாதே என்று சொன்ன பஞ்சாமிர்தம் அன்றைக்கு உயிரைக் காப்பாற்றியது. என் உயிரை மட்டும் இல்லை.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். மறைப்பதற்கு அவன் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லாமே நான் எனக்குச் சொல்லிக்கொண்டவைதான்.

முதல் காரணம்: "என் உடம்பு, என் நோய். இவனுங்க யாரு கேக்கறதுக்கு?"

இதில் பாதி நியாயம் இருக்கிறது. கணக்கு எழுதும் வேலைக்கோ, துணிக்கடையில் நிற்கும் வேலைக்கோ போகிறவன் தனக்குச் சர்க்கரை என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். அவன் மயங்கி விழுந்தால் அவனுக்குத்தான் அடி. ஆனால் ஸ்டியரிங் பிடிப்பவன் கதை வேறு. நாம் காவடியை நம் தோளில் தூக்குகிறோம். அலகை நம் கன்னத்தில் குத்திக்கொள்கிறோம். வேண்டுதல் நம்முடையது, வலியும் நம்முடையது, யாரும் தடுக்க முடியாது. பக்கத்தில் நடந்து வருகிறவன் கன்னத்தில் அவனைக் கேட்காமல் குத்த நமக்கு உரிமை உண்டா? நோயை மறைத்து வண்டி எடுப்பது அந்த மாதிரிதான். பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டு வரும் அறுபது பேரிடமும், எதிரே டூ வீலரில் வருகிறவனிடமும் நாம் கேட்கவில்லை. ஆபத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுத்துவிட்டு, முடிவில் மட்டும் பங்கு கொடுக்கவில்லை.

இரண்டாவது காரணம்: "குடும்பத்துக்காகச் சொல்ற பொய் பாவமா?" பொய்யும்கூடச் சில நேரம் உண்மைக்குச் சமம் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று பஜனைக்கு வரும் பெரியவர் ஒருவரும் சொன்னார். வாய்மை அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். வள்ளுவர் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். அந்தப் பொய்யால் வரும் நன்மையில் குற்றம் இருக்கக்கூடாது. என் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவதற்காக இன்னொருத்தர் பிள்ளையை ஆபத்தில் வைத்தால் அது குற்றமில்லாத நன்மை ஆகுமா? பசி பெரிய காரணம். அதை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாப் பொய்யையும் அது கழுவிவிடாது.

மூன்றாவது காரணத்தைத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். "முருகனே வேடனா, கிழவனா வேஷம் போட்டுத்தானே மாமா வள்ளியைக் கட்டினாரு!" நானும் சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்தால், அந்த வேஷத்தால் யார் உயிருக்கும் ஆபத்தில்லை. வள்ளி மனசு தெரிந்ததும் தன் உண்மை உருவத்தைக் காட்டிவிட்டுத்தான் முருகன் கைப்பிடித்தான். கடைசி வரைக்கும் வேஷத்தில் இருந்தவன் சூரபத்மன். கடலுக்குள் மாமரமாய் நின்றான். நம் நோயையும் நாம் அப்படித்தான் பூவும் பிஞ்சுமாய் வெளியே காட்டி நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நான்காவது காரணம்தான் கனமானது. "உண்மையைச் சொன்னா வேலை கிடைக்காது."

ஆமாம். கிடைக்காமல் போகலாம். அதனால்தான், எதைச் சொல்ல வேண்டும் என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

லாரி, பஸ் மாதிரி வண்டிகளுக்கு லைசென்ஸ் எடுக்க, டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ வேண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்த லைசென்ஸுக்கு ஐந்து வருஷம் காலம். அதோடு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவம் 1 இருக்கிறது. ஏஜென்ட் நீட்டுவார், நாம் படிக்காமலே கையெழுத்துப் போடுவோம். அதில் என்ன கேட்டிருக்கிறது தெரியுமா? வலிப்போ, எந்தக் காரணத்தாலோ திடீரென்று நினைவு தப்புவதோ தலைசுற்றலோ உண்டா? பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா? மாலைக்கண் உண்டா? நீ வண்டி ஓட்டினால் பொதுமக்களுக்கு ஆபத்து வரக்கூடிய வேறு நோய் ஏதாவது உண்டா?

கவனியுங்கள். "உனக்குச் சர்க்கரையா?" என்று அதில் கேட்கவில்லை. உன்னால் அடுத்தவனுக்கு ஆபத்து உண்டா என்றுதான் கேட்டிருக்கிறது. இதுதான் தர்மமான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

ஏனென்றால் சர்க்கரைக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு, சர்க்கரை திடீரென்று கீழே இறங்கி மயக்கம் வருவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகளிலும் இன்சுலினிலும் அந்த ஆபத்து உண்டு. அதிலும் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரொம்ப ஆபத்து. அது தெரியாமல் ஓட்டியவன்தான் நான். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் லோ சுகர். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரும். சில பேருக்கு நோய் பழகப் பழக இந்த எச்சரிக்கைகூட வராமல் நேரே மயக்கம் வரும். இன்னொரு பக்கம், பல வருஷம் சர்க்கரை கூடியே இருந்தால் கண்ணின் விழித்திரை கெடும். பாதம் மரத்துப்போனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது.

ஆகவே முதலில் நமக்கு நாமே உண்மை சொல்லிக்கொள்ள வேண்டும். நான் சாப்பிடுவது எந்த மாத்திரை? எப்போதாவது மயக்கம் வந்ததா? கண் பரிசோதனை செய்து எவ்வளவு நாள் ஆச்சு? இதை ஒரு டாக்டரிடம் கேட்டு, ஓட்டலாம் என்றால் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் கம்பெனிக்காரரிடம் "சார், சர்க்கரை இருக்கு, கட்டுப்பாட்டில் இருக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார், சாப்பாட்டு நேரம் மட்டும் தவறக்கூடாது" என்று நிமிர்ந்து சொல்லலாம். டாக்டர் ஓட்டக்கூடாது என்றால், முருகா என்று சாவியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். அதில் சமாதானம் கிடையாது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு கதை நடந்தது. கிளாஸ்கோ நகரத்தில் 2014 டிசம்பர் 22 அன்று, கிறிஸ்துமஸ் கடைக்கூட்டத்துக்குள் ஒரு குப்பை லாரி புகுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கிலேயே மயங்கியிருந்தார். இது சர்க்கரை மயக்கம் இல்லை, வேறு வகை. ஆனால் அவருக்கு 2010-ல் பஸ் டிரைவராக இருந்தபோதும் ஒரு தடவை மயக்கம் வந்திருக்கிறது. அடுத்த வேலைக்குப் போகும்போது அதை மறைத்துவிட்டார். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று 2015-ல் விசாரணை செய்த நீதிபதி சொன்னார். அந்த மனிதர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. என்னைப் போல ஒருவர். எனக்குக் கையெட்டும் தூரத்தில் பஞ்சாமிர்தம் இருந்தது, அவருக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதே நாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள் லாரி, பஸ் ஓட்டவே கூடாது என்று முன்பு தடை இருந்தது. 2011-லிருந்து, ஒழுங்காகச் சோதித்துக் கணக்குக் காட்டினால் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். வண்டி எடுப்பதற்கு முன்னாலும், ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் சர்க்கரை பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு எடுக்க வேண்டும். 72-க்குக் கீழே போய்விட்டால் சரியான பிறகும் 45 நிமிஷம் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் 2018-ல் இதே மாதிரி வழி திறந்தார்கள். சொன்னால் துரத்துவோம் என்கிற இடத்தில் எல்லோரும் மறைப்பார்கள். சொன்னால் வழி சொல்கிறோம் என்கிற இடத்தில்தான் உண்மை வெளியே வரும்.

அதனால் ஓனர்களுக்கும் மேனேஜர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் குழுவில் வண்டி வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுக் கணக்குப்படி நாட்டில் பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். உங்களிடம் பத்து டிரைவர் இருந்தால் ஒருத்தருக்காவது இருக்கும். "எங்க ஆளுங்க யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று நீங்கள் சொன்னால், உங்களிடம் யாரும் உண்மை சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதும் ஆளை அனுப்பிவிட்டால், அடுத்து வருகிறவனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறீர்கள். அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. நேரத்துக்குச் சாப்பிட விடாமல், "லோடு அவசரம், ஓட்டு ஓட்டு" என்று போன் போட்டுக்கொண்டே இருப்பவருக்கும் பங்கு உண்டு.

நிறம் பிரித்தறிய முடியவில்லை என்று ஒரு டிரைவரை வேலையை விட்டு அனுப்பிய வழக்கில், தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகம் அவருக்கு அதே சம்பள நிலையில் வேறு பொருத்தமான வேலை கொடுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது வேலையில் இருந்தவருக்குக் கிடைத்த நியாயம். புதிதாக வேலை கேட்டுப் போகிறவனுக்கு அந்தக் குடை இல்லை. அவன் நம்முடைய மனசாட்சியை நம்பித்தான் வாசலில் நிற்கிறான்.

மறைக்கிறவனுக்கும் கடைசியில் லாபம் இல்லை. மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருப்பதைச் சொல்லாமல் விட்ட ஒரு வழக்கில், கம்பெனி பணம் தர மறுத்தது சரி என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பத்துக்காகச் சொன்ன பொய் குடும்பத்தின் தலையிலேயே வந்து விழுந்தது.

தொப்பூருக்கு அப்புறம் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மூன்று நாள் கழித்து ஓனரிடம் சொன்னேன். அவர் திட்டினார். "இத்தனை நாள் என் வண்டியையும் சேர்த்து அடமானம் வச்சிருக்கியேய்யா" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. நைட் டிரிப்பிலிருந்து எடுத்துவிட்டு உள்ளூர் பகல் ஓட்டம் கொடுத்தார். படி போச்சு. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வீட்டில் கொஞ்ச நாள் பேச்சே இல்லை. உண்மை சொன்னால் முருகன் உடனே அள்ளிக் கொடுப்பான் என்று நான் எழுத மாட்டேன். எனக்கு அப்படி நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கிளீனர் பையன் முகத்தை நேராகப் பார்த்துப் பேச முடிகிறது.

திருத்தணி முருகனைப் பாடிய திருப்புகழ் ஒன்றில் அருணகிரிநாதர் நோய்களை வரிசையாக அடுக்கி, அவை வராமல் காக்க வேண்டும் என்று கேட்கிறார். அந்த வரிசையில் நீரிழிவும் இருக்கிறது. எங்கள் பஜனையிலும் அதைப் பாடுகிறோம். முருகன் முன்னால் மைக் வைத்து நீரிழிவு என்று சத்தமாகப் பாடுகிற நாம், அவன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்காரனிடம் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்?

வேல் பட்டதும் மாமரம் இரண்டாகப் பிளந்தது. முருகன் சூரனைச் சாகவிடவில்லை. ஒரு பாதியைக் கொடியாக்கினான், மறு பாதியை மயிலாக்கி அதன்மேல் ஏறிக்கொண்டான். சர்க்கரையும் அப்படித்தான். இன்றைக்கு அதை அடியோடு ஒழிக்க மருந்தில்லை. ஒளித்து வைத்திருக்கும் வரைக்கும் அது சூரன். வெளியே கொண்டுவந்து, நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை என்று கடிவாளம் போட்டால் அதன்மேல் ஏறிப் பயணம் போகலாம். அந்த டப்பா இன்றும் என் வண்டியில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. பிரசாதம்தான், மருந்தும்தான். அது எதற்கு என்று இப்போது ஓனருக்கும் தெரியும்.

மறுநாள் தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். "சரி மாமா" என்று மட்டும் சொன்னான். அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை அந்தக் கட்டத்தில் "சர்க்கரை உள்ளது, மருந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். "சொல்லி அனுப்பறோம்" என்றார்களாம். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை. அவன் மனைவி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்தப் பிள்ளையின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அடுத்தவன் சோற்றை வைத்து நான் தர்மம் பேசிவிட்டேனோ என்று எனக்கும் ராத்திரியில் உறுத்துகிறது.

ஆனாலும் அவன் திரும்பி வந்து கேட்டால் இதையேதான் சொல்வேன். அவனுக்கு ஒரு பகல் வேலை தேடிக் கொடுக்கும் பொறுப்பு இப்போது என் தலையில் இருக்கிறது. தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வண்டி வைத்திருக்கும் அடியார்கள் யாராவது, உண்மை சொல்லத் தெரிந்த ஒரு டிரைவர் வேண்டும் என்றால் குழுவில் சொல்லுங்கள்.

ஓட்டுநர் நண்பர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். வண்டியில் ஒரு பொட்டலம் குளுக்கோஸோ கல்கண்டோ எப்போதும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாத்திரை போட்டால் சோறு சாப்பிடாமல் சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!